சொந்த வடிவமைப்பில் எலெக்ட்ரிக் லேப் ஸ்டீல்: மரத்தை வெட்டுவதற்கு முன் திட்டிவிடுங்கள்

மரத்தூள் எழுதியது:

வணக்கம். நாற்காலி, அலமாரி என்று செய்து பழகிய கை இது. இசைக்கருவி இதுதான் முதல் தடவை. மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்கிற எலெக்ட்ரிக் லேப் ஸ்டீல் ஒன்றை நானே வரைந்து, நானே செய்வதாக உத்தேசம். உண்மையைச் சொன்னால், கிட்டாரைவிடச் சுலபம் என்றுதான் இதைப் பிடித்தேன். ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே வரும் உலோகக் கட்டைகள்) அடிக்க வேண்டாம், கழுத்து வளைவு பார்க்க வேண்டாம், கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்கிற இரும்புத் தண்டு வேண்டாம். ஒரு பலகை, ஆறேழு கம்பி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற ஒரு பிக்கப். அவ்வளவுதானே?

திட்டம் இது. 8 கம்பி. ஸ்கேல் நீளம் (தலைப் பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து மறுமுனையில் தாங்கும் பிரிட்ஜ்வரை) 25.5 அங்குலம். 45 மி.மீ. தடிமனில் நன்றாக உலர்ந்த மேப்பிள் பலகை ஒன்று இருக்கிறது. பழைய கிட்டார் ஒன்றைப் பிரித்ததில் ஒரு ஹம்பக்கரும் (இரட்டைச் சுருள் பிக்கப்) டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜும் கிடைத்தன, அவற்றையே போடப்போகிறேன். தலைப்பகுதி தனியாக இல்லை, பலகை நேராக ஓடி முடியும். எங்கே தவறு என்று சொல்லுங்கள். மரத்தில் இன்னும் கை வைக்கவில்லை.


பழைய ஆம்ப் எழுதியது:

தம்பி, 8 கம்பி போடுறேன்னு சொல்லிட்டு 6 கம்பி பிரிட்ஜையும் 6 கம்பி பிக்கப்பையும் காட்டுறீங்க. மீதி ரெண்டு கம்பி எங்க போய் உக்காரும்? முதல் கருவிக்கு ஆறு போதும். சி6 சுதி வச்சுக்கோங்க: தடிச்ச கம்பியிலேருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. ஸ்டீல் கிட்டார் வாசிச்ச ஜெர்ரி பேர்ட் பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்ற சுதி. இதுல கத்துக்க வேண்டியதே ஒரு ஆயுசுக்கு இருக்கு.

அந்த டியூன்-ஓ-மேட்டிக்கை எடுத்து டப்பால போட்டுடுங்க. ஏன்னு மத்தவங்க சொல்வாங்க, எனக்கு டைப் அடிச்சா விரல் வலிக்குது.


நழுவிசை எழுதியது:

ஏன் என்று நான் சொல்கிறேன். கிட்டாரின் விரல்பலகை லேசாக வளைந்திருக்கும், அதற்கு ஏற்ப அந்த பிரிட்ஜும் 12 அங்குல ஆரத்தில் வளைந்திருக்கும். கம்பிகள் பரவியிருக்கும் 50 மி.மீ. அகலத்துக்குள் நடுவில் சுமார் 1 மி.மீ. மேடு வரும். விரலால் அழுத்தி வாசிப்பவருக்கு அது சுகம். நமக்கோ கையில் இருப்பது நேரான இரும்பு உருளை. நடுவில் இரண்டு கம்பிகளைத் தொடும், ஓரத்துக் கம்பிகளில் ஜிர்ரென்று உராயும். லேப் ஸ்டீலில் கம்பிகளின் தலை எல்லாம் ஒரே சமதளத்தில் இருக்க வேண்டும். மற்ற எதில் சமரசம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்.

ஸ்கேல் நீளம் பற்றி. 25.5 தவறில்லை, ஆனால் 22.5 அங்குலத்தை ஒருமுறை யோசியுங்கள். சி6 சுதியில் மேல் ஈ கம்பிக்கு 0.015 அங்குலக் கம்பி போட்டால், 22.5 நீளத்தில் இழுவிசை ஏறக்குறைய 13 கிலோ. அதே கம்பி, அதே சுரம், 25.5 நீளத்தில் 16.5 கிலோவைத் தொடும். கம்பி இறுகினால் ஒலி திடமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் சாய்வு வாசிப்பில் கஷ்டப்படுவீர்கள். ஃப்ரெட்டுக்குப் பதில் சுர இடங்களைக் காட்ட வரைகிற கோடுகளில், 3ஆம் கம்பியில் 5ஆம் கோட்டிலும் 1ஆம் கம்பியில் 6ஆம் கோட்டிலும் ஒரே நேரத்தில் உருளையைச் சாய்த்து வைக்க வேண்டுமென்றால், அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே 22.5இல் 24 மி.மீ., 25.5இல் 27 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மணிக்கட்டைக் கேட்டால் தெரியும்.


கம்பிச்சுருள் எழுதியது:

நீளத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சின்ன வரலாறு. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப்போடு விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டாரே ஒரு லேப் ஸ்டீல்தான். ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932இல் விற்கத் தொடங்கியது. வட்ட உடலும் நீளக் கைப்பிடியுமாக வாணலி மாதிரியே இருந்ததால் அதற்கு ‘ஃப்ரையிங் பேன்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அதிலேயே 22.5 அங்குலத்துக்கு ஏ-22, 25 அங்குலத்துக்கு ஏ-25 என்று இரண்டு மாடல். இந்த வாக்குவாதம் எலெக்ட்ரிக் கிட்டாரின் வயதே ஆனது. காப்புரிமை மட்டும் 1937இல்தான் கைக்கு வந்தது.

அதன் உடல் வார்ப்பு அலுமினியம். ‘எந்த மரம் நல்லது’ என்று அடுத்து நீங்கள் கேட்கப்போவதற்கும் இது பதில்.


மரத்தூள் எழுதியது:

அதைத்தான் கேட்க வந்தேன்! மேப்பிளா, மஹோகனியா என்று ரெண்டு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

8 கம்பி ஆசையை மூட்டை கட்டிவிட்டேன். 22.5, ஆறு கம்பி, சி6.


பழைய ஆம்ப் எழுதியது:

மரம் எதுவா இருந்தாலும் வைரம் பாஞ்சதா, உலர்ந்ததா, வளையாததா இருந்தா போதும். ஆறு கம்பி சேந்து 70 கிலோ கிட்ட இழுக்கும். அதுக்கு அசையாம நிக்கணும். 45 மி.மீ. மேப்பிள் அசையாது.

கம்பிச்சுருள் தம்பி அலுமினியத்தைப் புகழ்றார். அதோட வில்லங்கத்தையும் சொல்லணும்ல? மேடை விளக்குச் சூட்டுல அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். உடம்பு நீளுது, கம்பி அந்த அளவுக்கு நீளல, சுதி ஏறிடும். பின்னாடி அவங்களே பேக்லைட்டுங்கிற பிளாஸ்டிக்குக்கு மாறினாங்க.


நழுவிசை எழுதியது:

மரத்தால் ஒலி மாறவே மாறாது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதைத் தேடிப் போகிற நேரத்தில் நட்டையும் பிரிட்ஜையும் கவனியுங்கள். ஃப்ரெட் இல்லாத கருவியில் கம்பி தொடுவது மூன்றே இடம்: நட், பிரிட்ஜ், உங்கள் கையிலிருக்கும் உருளை. கோட்டுவாத்தியம் பார்த்திருந்தால் புரியும், அங்கேயும் கதை இதுதான். 19 மி.மீ. விட்டமுள்ள நல்ல உருளை, உள்ளே குடைவு இல்லாத திட இரும்பு, 160 கிராம் பக்கம் எடை. கனம் குறைந்தால் ஒலி சீக்கிரம் சாகும்.

கம்பி இடைவெளியை நட்டிலும் பிரிட்ஜிலும் ஒரே அளவாக, இணையாக வையுங்கள். கிட்டார் மாதிரி விரிந்துகொண்டே போனால், சாய்வு வாசிப்பில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கோணம் பழக வேண்டிவரும்.


கம்பிச்சுருள் எழுதியது:

இணையாக 10 மி.மீ. வைத்தால், ஆறு கம்பிக்கு மொத்தம் 50 மி.மீ. ஒற்றைச் சுருள் கொண்ட பி-90 வகை பிக்கப்பின் திருகுகள் கிட்டத்தட்ட அந்த அகலத்துக்குள் விழும், அதனால் பழைய ஹம்பக்கரை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். இல்லையென்றால் தனித்தனிக் காந்தமுனைக்குப் பதில் நீளத் தகடு வைத்த பிக்கப் வாங்குங்கள், கம்பி எங்கே நின்றாலும் அதற்குக் கவலையில்லை. பி-90இல் 42 கேஜ் கம்பி, தலைமுடியைவிட மெல்லிசு, சுமார் 10,000 சுற்று இருக்கும். நடு அலைவரிசை தடித்து வரும், லேப் ஸ்டீலுக்கு அது பொருந்தும். பிரிட்ஜுக்கு நெருக்கமாக வையுங்கள். உருளை மேலே 20ஆம் கோடு தாண்டியும் போகும், பிக்கப் வழியில் நின்றால் முட்டும்.

ஒற்றைச் சுருள் என்பதால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும். குழியின் உள்பக்கம் முழுக்கச் செம்புத் தாள் ஒட்டி, அதை எர்த்தோடு சேருங்கள். பிரிட்ஜுக்கு ஓர் எர்த் கம்பி போக வேண்டும். அதற்கான துளையைப் பாலிஷ் போடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.


ஆறாம்விரல் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகர்த்துகிற திருகு வேண்டாமா? கிட்டாரில் இருக்கிறதே?


நழுவிசை எழுதியது:

வேண்டாம். கிட்டாரில் கம்பியை ஃப்ரெட்வரை கீழே அழுத்துகிறோம், அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இறுகிச் சுரம் ஏறுகிறது, அதை ஈடுகட்டத்தான் அந்தத் திருகு. இங்கே உருளை கம்பிமேல் சும்மா உட்கார்கிறது. பிரிட்ஜ் ஒரே நேர்கோடாக இருந்தால் போதும்.


மரத்தூள் எழுதியது:

வெட்டியாகிவிட்டது. மூன்று வார இறுதிகள்.

பிரிட்ஜுக்கு 6 மி.மீ. எஃகுக் கம்பித்தண்டு ஒன்றை அலுமினியக் கோணத்தின்மேல் பள்ளம் போட்டு உட்காரவைத்தேன். கம்பிகள் பலகையின் அடிப்பக்கத்திலிருந்து துளை வழியாக மேலே வந்து அதன்மேல் ஏறுகின்றன. நட்டுக்கு 3 மி.மீ. தடிமனுள்ள அலுமினிய ‘எல்’ கோணம், விரல்பலகையிலிருந்து 10 மி.மீ. உயரம். நேராகவே ஓடட்டும் என்று வரைந்திருந்த தலைப்பகுதியை, மாதிரிக்கு ஒரு கம்பி கட்டிப் பார்த்துவிட்டு, 15 மி.மீ. கீழே இறக்கினேன். சாவியிலிருந்து வருகிற கம்பி நட்டின்மேல் மடங்கி இறங்கவில்லை என்றால் பள்ளத்தில் உட்காராமல் துள்ளுகிறது. உளியும் இழைப்புளியும்தான். ரூட்டர் இருக்கிறது, ஆனால் அதன் சத்தம் பிடிக்காது.

கோடுகளுக்குப் பழைய வழி: ஸ்கேல் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் கோடு. மிச்சத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்தது. 571.5 மி.மீ.க்கு முதல் கோடு 32.1, 5ஆவது 143.4, 7ஆவது 190.1, 12ஆவது சரியாகப் பாதி, 285.75. ஒவ்வொரு கோட்டையும் நட்டிலிருந்தே அளந்தேன், முந்தைய கோட்டிலிருந்து அல்ல. அப்படி அளந்தால் ஒவ்வொன்றிலும் அரைக்கால் மில்லி பிசகினாலும் கடைசியில் கூடிக்கொண்டே வந்து நிற்கும் என்று அலமாரித் தட்டுகள் கற்றுக்கொடுத்திருக்கின்றன. மூலைமட்டம் வைத்துக் கீறி, வெள்ளைப் பெயின்ட் தேய்த்து, உப்புத்தாளால் துடைத்தேன்.

இப்போது வில்லங்கம். ரெண்டு.

ஒன்று: கம்பியை வெறுமனே, உருளை வைக்காமல் மீட்டினால் தம்புராவில் கம்பிக்கடியில் ஜீவா நூல் வைத்த மாதிரி ஜிவ்வென்று ஓர் இழைச்சல். உருளை வைத்தால் போய்விடுகிறது. ரெண்டு: உருளையைச் சரியாகக் கோட்டின்மேல் வைத்தாலும் சுரம் கொஞ்சம் ஏறியே நிற்கிறது. ட்யூனர் எல்லா இடத்திலும் 8, 9 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) கூடுதல் காட்டுகிறது. கணக்கை நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.


பழைய ஆம்ப் எழுதியது:

காது இருக்குல்ல? கோட்டைப் பாத்து வாசிக்காதீங்க. 10 மி.மீ. உயரத்துல கம்பி, கீழ கோடு. நேர் மேலேருந்து பாத்தா ஒண்ணு, முதல் கோட்டுல ஓரமா பாத்தா வேற. கண்ணு ஏமாத்தும்.


நழுவிசை எழுதியது:

ஐயா சொல்கிற கண்ணேமாற்றம் உண்மை. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்து இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் ஒரு மாதிரியும் தவறும். இவர் எல்லா இடத்திலும் ஒரே அளவு என்கிறார். மரத்தூள், உறுதியாகச் சொல்லுங்கள்: 3ஆம் கோடு, 12ஆம் கோடு, 24ஆம் கோடு மூன்றிலும் அதே 9தானா? தலையைக் கோட்டுக்கு நேர் மேலே வைத்துப் பாருங்கள்.


மரத்தூள் எழுதியது:

மூன்றிலும் 9. ஒரு தடவை 8, ஒரு தடவை 10, அது என் கைநடுக்கம். ஆறு கம்பியிலும் அப்படித்தான்.


நழுவிசை எழுதியது:

அப்படியென்றால் பிரிட்ஜைத் தொடாதீர்கள். தவறு நட்டில்.

காரணம் இது. பிரிட்ஜ் இடம் தவறியிருந்தால், மேலே போகப் போகத் தவறு வளரும். உதாரணத்துக்கு பிரிட்ஜ் 3 மி.மீ. தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். 12ஆம் கோட்டில் 9 சென்ட் இறங்கும், 24ஆம் கோட்டில் 27 சென்ட் இறங்கும். கம்பியின் மிச்ச நீளம் குறையக் குறைய அதே 3 மி.மீ. பெரிய பங்காகிவிடுகிறது. நட்டுப் பக்கம் தவறியிருந்தால் கதை வேறு. உருளை வைத்த பிறகு நட்டுக்கு வேலையே இல்லை, கம்பி உருளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவேதான் அதிர்கிறது. அதனால் எல்லாக் கோடுகளும் ஒன்றுக்கொன்று சரியாகவே இருக்கும். திறந்த கம்பி, அதாவது உருளை வைக்காத கம்பி, மட்டும் தனியாகத் தாழ்ந்து நிற்கும். நீங்கள் திறந்த கம்பியை வைத்துச் சுதி சேர்ப்பதால், கோடுகள் எல்லாம் ஒரே அளவில் ஏறியதாகத் தோன்றுகிறது.

571.5க்குப் பதில் திறந்த கம்பி 574.5 மி.மீ. நீளத்தில் அதிர்ந்தால் வித்தியாசம் சரியாக 9 சென்ட். உங்கள் நட்டின் தடிமன் எவ்வளவு என்று சொன்னீர்கள்?


மரத்தூள் எழுதியது:

3 மி.மீ.

ஐயோ.


கம்பிச்சுருள் எழுதியது:

அபாரம். அந்த ஜிவ்வும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. நட்டுப் பள்ளத்தை அறுக்கும்போது அரத்தை விரல்பலகைப் பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பீர்கள். பள்ளத்தின் அடி முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்துவிட்டது. கம்பி பின்விளிம்பிலிருந்து கிளம்புகிறது, முன்விளிம்பை உரசிக்கொண்டு போகிறது. தம்புராவில் வேண்டுமென்றே செய்கிறார்கள், நீங்கள் வேண்டாமலே செய்துவிட்டீர்கள். உருளை வைத்ததும் இரைச்சல் போய்விடுவதற்குக் காரணமும் அதுவே.


பழைய ஆம்ப் எழுதியது:

சரி, நான் சொன்னது தப்பு. நழுவிசையம்மா சொல்றதுதான் சரி. ஆனா காதுன்னு நான் சொன்னது தப்பில்ல.


நழுவிசை எழுதியது:

தப்பே இல்லை ஐயா. கோடு சரியாக இருந்தாலும் வாசிப்பது காதுதான்.

மரத்தூள், பழைய நட்டையே சரிசெய்யாதீர்கள், பள்ளம் ஏற்கெனவே ஆழமாகியிருக்கும். புதுத் துண்டு வெட்டுங்கள். அரத்தைத் தலைப் பக்கம் சாய்த்து அறுங்கள், கம்பி முன்விளிம்பில் மட்டும் தொட வேண்டும். இன்னொன்று: எல்லாப் பள்ளத்தையும் ஒரே ஆழத்தில் அறுத்தால் கம்பிகளின் அடி சமமாகும், தலை சமமாகாது. உங்கள் 1ஆம் கம்பி 0.015, 6ஆம் கம்பி 0.036 அங்குலம். அரை மில்லிமீட்டர் வித்தியாசம். தடித்த கம்பிக்கு அவ்வளவு ஆழம் கூடுதலாக வேண்டும். பிரிட்ஜ் தண்டிலும் அப்படியே. ஒரு ஸ்டீல் ரூலரைக் குறுக்கே நிறுத்திவைத்து, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். எந்தக் கம்பிக்கு மேல் வெளிச்சம் கசிகிறதோ அது தாழ்ந்திருக்கிறது.


மரத்தூள் எழுதியது:

புது நட் போட்டாயிற்று. விளக்கு வைத்துப் பார்க்கிற யோசனை பொன். முதலில் 4ஆம் கம்பிக்கு மேல் வெளிச்சம் கசிந்தது, அதை அதிகமாக அறுத்திருக்கிறேன். இன்னொரு துண்டு வெட்டினேன். மூன்றாவது துண்டுதான் இப்போது கருவியில் இருக்கிறது.

ஜிவ் போய்விட்டது. 12ஆம் கோட்டில் ட்யூனர் முள் நடுவிலேயே நிற்கிறது, 24லும்.

அடுத்தது இரைச்சல். செம்புத் தாள் ஒட்டியும் கொஞ்சம் இருக்கிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது.


கம்பிச்சுருள் எழுதியது:

தொட்டால் குறைகிறது என்றால் எர்த் சரியாக இருக்கிறது, நீங்கள்தான் ஆன்டெனா. கம்பியைத் தொடும்போது உங்கள் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. இரும்பு உருளையைப் பிடித்தபடி வாசிக்கும்போது எப்போதும் தொட்டுக்கொண்டுதானே இருப்பீர்கள், அதனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். தொட்டதும் கூடியிருந்தால்தான் ஜாக்கில் ரெண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். செம்புத் தாளின் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு மின்தொடர்பில் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சில தாள்களில் பசைப் பக்கம் மின்சாரத்தைக் கடத்தாது, ஓரங்களில் ஒரு பொட்டு சால்டர் வைக்க வேண்டும்.

வால்யூம் எங்கே வைத்தீர்கள்?


மரத்தூள் எழுதியது:

பசைதான்! மூன்று இடத்தில் சால்டர் வைத்தேன். இப்போது ஆம்ப் அருகில் போனால்தான் கேட்கிறது.

வால்யூம் 500 கிலோஓம், மீட்டுகிற கையின் சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில். கம்பியைச் சத்தமில்லாமல் மீட்டிவிட்டு வால்யூமை மெல்ல ஏற்றினால் வயலின் மாதிரி ஒலி எழும்பி வருகிறது. நேற்று ராத்திரி இதை மட்டுமே ரெண்டு மணிநேரம் செய்தேன், வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. டோன் திருகுக்கு 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதை இன்னும் தொட்டே பார்க்கவில்லை.


ஆறாம்விரல் எழுதியது:

நானும் ஒரு பலகை எடுத்துவிட்டேன். 3ஆம் கம்பி, ஏ சுரத்துக்கு, சுற்றுக் கம்பியா (மேலே மெல்லிய கம்பி சுற்றியது) வெறும் கம்பியா?


பழைய ஆம்ப் எழுதியது:

வெறும் கம்பி, 0.022. சுத்துக் கம்பி மேல உருளை போனா சர்ருன்னு ஒரு சத்தம் வரும், 3ஆம் கம்பி பாட்டு வாசிக்கிற கம்பி, அங்க அது வேண்டாம். 4லேருந்து சுத்துக் கம்பி போட்டுக்கோங்க.

மரத்தூள் தம்பி, மூணு நட்டுல முதல் ரெண்டையும் தூக்கிப் போட்டீங்களா?


மரத்தூள் எழுதியது:

இல்லை ஐயா. ஜிவ் போட்ட நட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஒலி உண்மையில் அவ்வளவு மோசமில்லை. அடுத்த கருவியில் அதை வேண்டுமென்றே போட்டு, கோடுகளை மட்டும் பின்விளிம்பிலிருந்து அளந்தால் என்ன ஆகும் என்று ஒரு கிறுக்கு யோசனை.


நழுவிசை எழுதியது:

கோடுகள் சரியாக விழும். திறந்த கம்பி மட்டும் பாடும், உருளை வைத்ததும் அந்தப் பாட்டு நின்றுவிடும். செய்யுங்கள், கேட்க எனக்கும் ஆசை. ஆனால் பின்விளிம்பை இன்னும் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், கூர்மையாக விட்டால் 1ஆம் கம்பி அங்கேயே அறுந்துபோகும்.